கற்பனை வாகனம் வரைவது: முதல் கோட்டிலிருந்து கடைசித் திருத்தம் வரை

கற்பனை வாகனம் வரைய வருகிறவர்களில் அனேகம் பேர் முகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். முறைக்கிற ஹெட்லைட், கூரான மூக்கு, பக்கவாட்டில் இறக்கை மாதிரி ஏதோ ஒன்று. முகம் நன்றாகவே வந்துவிடும். உடம்புக்கு வரும்போது கை நின்றுவிடும். பின்சக்கரம் எங்கே வரும், ஓட்டுகிறவர் எங்கே உட்காருவார், கதவு எந்தப் பக்கம் திறக்கும், எதுவும் தெரியாது. போன் கைக்கு வருவது சரியாக அந்த நேரத்தில்தான். அந்தப் படம் பாதியில் கிடக்க, மறுநாள் இன்னொரு முகம்.

பார்க்கிறவர்கள் இதைக் கவனக்குறைவு என்பார்கள். இதில் பாதிக்கு மேல், எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் தள்ளிப்போட்டதால் வரும் தடுமாற்றம் என்பது என் எண்ணம். அடுத்த கோடு எதற்காக என்று தெரிந்திருக்கும் வரை கை ஓடிக்கொண்டே இருக்கும். தெரியாத இடத்தில்தான் மனது தப்பிக்கப் பார்க்கும். அதனால் வண்டி வரைவதையும் வேலையில் நிலைத்திருப்பதையும் நான் ஒரே பாடமாகத்தான் சொல்லப் போகிறேன். எந்த முடிவை எப்போது எடுப்பது என்பதுதான் அந்தப் பாடம்.

முதலில் வண்டிக்கு ஒரு வேலை கொடுங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்த வண்டி எதைச் சுமக்கிறது, எந்தத் தரையில் போகிறது, யார் ஓட்டுகிறார். "எதிர்காலத்து வேகமான வண்டி" என்று எழுதினால் அது வேலை ஆகாது, அது வெறும் ஆசை. "சதுப்புக் காட்டில் வெட்டிப்போட்ட மரத்தடிகளை ஆற்றங்கரை வரை இழுத்துவரும் வண்டி, ஓட்ட ஒரே ஆள்" என்றால் அது வேலை. இந்த மரவண்டியையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பாதி வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. தரை சேறு, அதனால் எடை பரவ வேண்டும், அகலமான டயரோ சங்கிலிப் பட்டையோ வேண்டும். சில இடங்களில் தண்ணீரைக் கடக்க வேண்டியிருக்கும், அதனால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் புகைக்குழாயும் கூரை உயரத்துக்குப் போக வேண்டும். அடிமரக் கட்டைகள் வயிற்றில் மாட்டக்கூடாது, அதனால் அடிப்பாகம் வழவழப்பான தகடு. கிளை வந்து அடிக்கும், கேபினைச் சுற்றிக் கம்பி வேலி. தனி ஆள்தான் ஓட்டுகிறார், அவரே பின்னால் திரும்பிக் கட்டையையும் பார்க்க வேண்டும், அதனால் பின்கண்ணாடி முன்கண்ணாடி அளவுக்குப் பெரிது. நிஜக் காடுகளில் தடி சுமக்கும் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கையே பின்பக்கம் சுழலும். வண்டியும் நடுவில் மூட்டு வைத்து இரண்டாக மடங்கித் திரும்பும். இப்படி ஒன்றை நீங்களாக யோசித்திருக்க முடியாது. நிஜ இயந்திரங்களைப் பார்த்தால் இலவசமாகக் கிடைக்கும்.

தரையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1939-இல் அமெரிக்கர்கள் அண்டார்க்டிகாவுக்கு 'ஸ்னோ குரூஸர்' என்று ஒரு வண்டி கட்டினார்கள். சுமார் 17 மீட்டர் நீளம், டயர்கள் மூன்று மீட்டர் உயரம். பனிப்பிளவு குறுக்கே வந்தால் சக்கரங்களை உள்ளிழுத்து உடம்பால் சறுக்கிக் கடக்கலாம் என்று ஏற்பாடு. படத்தில் பார்த்தால் எந்தக் கற்பனை ஓவியருக்கும் பொறாமை வரும். ஆனால் டயரில் வரிப்பள்ளங்களே கிடையாது, மொழுமொழுவென்று இருந்தன. பனியில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. கடைசியில் பின்னோக்கி ஓட்டினால் கொஞ்சம் தேவலை என்று கண்டுபிடித்து, அது போன மிக நீண்ட பயணமான 148 கிலோமீட்டரையும் பின்னோக்கியே ஓட்டினார்கள்.

இதற்கு நேர் எதிர் உதாரணம், 1971-இல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டி. பூமியில் 210 கிலோ எடை. சக்கரம் சுமார் 81 செ.மீ. விட்டம், ரப்பர் இல்லை, துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியால் பின்னிய வலை. அதன்மேல் டைட்டானியப் பட்டைகள். சக்கரத்துக்கு ஒரு மோட்டார். இறங்குகலத்தின் பக்கவாட்டில் மடித்து வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் உடம்பு முழுக்க மடிப்பு மூட்டுகள். அழகுக்காக ஒன்றுமே இல்லை, ஆனாலும் இன்றைக்கும் யார் பார்த்தாலும் "இது வேறு உலகத்து வண்டி" என்று உடனே தெரிகிறது. புதுமை வேண்டும் என்றால் புதுமையான தரையைத் தேடுங்கள், வடிவம் அதுவாக வரும்.

விதியை மீறவும் செய்யலாம், தெரிந்து மீற வேண்டும். 1970-இல் பெர்டோனே என்ற இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனம் காட்டிய ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ காரின் உயரம் வெறும் 84 செ.மீ. அவ்வளவு தாழ்வான உடம்பில் பக்கக் கதவுக்கு இடமே இல்லை. அதை வடிவமைத்த மார்செல்லோ கந்தீனி முன்கண்ணாடியையே கதவாக்கிவிட்டார், அதைத் தூக்கித்தான் உள்ளே ஏற வேண்டும். உயரத்தைக் குறைத்ததால் வந்த சிக்கலை அவர் மூடி மறைக்கவில்லை, அதையே வண்டியின் அடையாளமாக்கினார்.

தீப்பெட்டி அளவில் நிறைய

அடுத்தது சின்ன ஸ்கெட்ச்கள். தீப்பெட்டிக்கு மேல் பெரிதாக வேண்டாம். பக்கவாட்டுத் தோற்றம் மட்டும் போதும். உள்ளே கோடு போடாமல் கறுப்பு மையால் நிரப்பி, வெளி உருவத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே விஷயங்களை மாற்றுங்கள்: எடை எங்கே குவிகிறது, ஆள் எங்கே இருக்கிறார், சக்கரம் எவ்வளவு பெரிது. மரவண்டிக்கு கேபின் முன்னால் இருந்தால் ஒரு குணம், நடுமூட்டுக்கு மேல் உயரத்தில் இருந்தால் இன்னொரு குணம், பின்னால் இருந்தால் வண்டி முழுக்கவே பின்னோக்கி வேலை செய்வது போலத் தெரியும்.

சாதாரணக் காரின் அளவை ஒரு முறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இன்னும் மூன்று சக்கரம் வைக்கலாம். மொத்த உயரம் இரண்டு சக்கரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த விகிதத்தில் இருந்து விலக விலகத்தான் வண்டி கற்பனை ஆகிறது. நடுவே ஐந்து சக்கரம் வைக்கும் அளவு இடைவெளி விட்டால் அது ஆடம்பரமாகவோ சோம்பலாகவோ தெரியும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்தால் முரட்டு வண்டி. மூன்று ஜோடிப் பெரிய டயர்கள் நெருக்கமாக நிற்க, அவற்றுக்கு மேலே உடம்பு ஒல்லியாக இருந்தால், சேற்றில் போகிற வண்டி என்று சொல்லாமலே புரியும்.

இந்தக் கட்டத்தில் பால்பாயின்ட் பேனா நல்லது. அழிக்க முடியாது என்பதால் கோட்டைக் கொஞ்சிக்கொண்டிருக்காமல் அடுத்ததற்குப் போவீர்கள். டேப்லெட்டில் வரைகிறவர்கள் ஒரே லேயர், ஒரே பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எந்தப் பிரஷ் என்று தேடுவதும் முடிவைத் தள்ளிப்போடும் ஒரு வழிதான்.

பெட்டி

தேர்ந்தெடுத்த ஸ்கெட்சை முக்கால் பார்வையில், அதாவது முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் தெரியும்படி வரைய வேண்டும். பலருக்கு இங்கேதான் பயம். பெர்ஸ்பெக்டிவ் கணக்கு பெரிதாக ஒன்றும் தேவையில்லை, பெட்டி போடத் தெரிந்தால் போதும்.

கண்மட்டக் கோட்டை முதலில் போடுங்கள். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். தரையில் நிற்கும் ஆளின் கண் உயரம், சுமார் 1.6 மீட்டர் என்று வைத்தால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: சமதரையில் எங்கே ஆளை நிறுத்தினாலும் அவர் கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும். வண்டி அந்தக் கோட்டைத் தாண்டி, அதன் மொத்த உயரம் தரையிலிருந்து கோடு வரை உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு வந்தால் அது கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். அளவுகோலே வேண்டாம்.

வண்டியின் நீளக் கோடுகளும் அகலக் கோடுகளும் தூரத்தில் ஒடுங்கிச் சேர்வது போலத் தெரியும் இடங்கள்தான் மறையும் புள்ளிகள், இரண்டும் கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். அவற்றைக் காகிதத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். இரண்டும் காகிதத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் வண்டியின் முன்மூலை கத்தி மாதிரி துருத்திக்கொண்டு வரும். அந்தப் புள்ளிகளை நோக்கி ஓடும் கோடுகளால் வண்டி அடங்கும் பெட்டியைப் போடுங்கள். பிறகு பெட்டியின் பக்கச் சுவரில், தரையைத் தொட்டபடி, முன் சக்கரத்துக்கான சதுரத்தை வரையுங்கள். பெர்ஸ்பெக்டிவில் அது சதுரமாகத் தெரிகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் மற்றச் சதுரங்களை அளந்தே போட்டுவிடலாம். தூரப் பக்கத்துச் செங்குத்துக் கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பக்கத்தில் உள்ள மேல்மூலையிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் அடுத்த சதுரம் முடிகிறது. இப்படியே அடுத்தடுத்து. காருக்கு வரிசையாக ஐந்து சதுரம், அவற்றில் முதலும் கடைசியும் சக்கரம். மரவண்டிக்கு உங்கள் ஸ்கெட்ச் என்ன சொல்கிறதோ அது.

சக்கரம்

வண்டி நிஜமாகத் தெரிவதும் தெரியாததும் சக்கரத்தில்தான். உடம்பில் கோணல் இருந்தால் "இது இந்த வண்டியின் வடிவமைப்பு" என்று சமாளிக்கலாம். சக்கரம் கோணினால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

சாய்வாகப் பார்க்கும் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். நீள்வட்டத்துக்கு இரண்டு அச்சு உண்டு, நீளமானது நெட்டச்சு, குட்டையானது குற்றச்சு. புதிதாக வரைகிறவர்கள் நெட்டச்சை எப்போதும் நேர் செங்குத்தாக நிறுத்துவார்கள். அதனால்தான் சக்கரம் வண்டியிலிருந்து கழன்று விழப்போவது போல இருக்கும். நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: குற்றச்சு, சக்கரத்தின் இருசு போகும் திசையிலேயே போக வேண்டும். வண்டியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைக்கும் இருசு, வண்டியின் அகலம் எந்த மறையும் புள்ளிக்குப் போகிறதோ அதற்குத்தான் போகும். ஆகவே முதலில் சதுரத்தின் நடுவிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கி ஒரு மெல்லிய கோடு. அதைக் குற்றச்சாக வைத்து, சதுரத்தின் நான்கு பக்கங்களையும் நடுவில் தொடும்படி நீள்வட்டம். நான்கையும் தொடவில்லையா, நீள்வட்டத்தைத் திருத்தாதீர்கள், உங்கள் சதுரம் சதுரமாக இல்லை. அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, எவ்வளவு பருமனான நீள்வட்டம் என்ற கேள்வி. வண்டியின் முன்மூலை நமக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வையில், முன் சக்கரம் கொஞ்சம் உருண்டையாகவும் பின் சக்கரம் கொஞ்சம் ஒல்லியாகவும் வரும். பக்கச் சுவர் எந்த மறையும் புள்ளியை நோக்கி ஓடுகிறதோ அதை நெருங்க நெருங்க வட்டம் மெலிந்துகொண்டே போகும். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நகல் எடுத்து ஒட்டினால் பின்பக்கம் வளைந்துகொண்டு தெரியும். டேப்லெட்டில் வரைகிறவர்கள் இதைத்தான் அடிக்கடி செய்கிறார்கள்.

இப்போது டயருக்குத் தடிமன். வெளிவட்டத்தை வரைந்தாயிற்று. இருசுக் கோட்டின் மேலேயே உள்ளே தள்ளி இன்னொரு நீள்வட்டம். இரண்டையும் இணைத்தால் அது ஒரு உருளை. ரிம் உள்ளே குழிந்திருந்தால் அதன் வட்டமும் அதே கோட்டில் உள்ளே தள்ளிப் போகும். நடுக்குடம் வெளியே துருத்தினால் அதே கோட்டில் வெளியே வரும். எல்லா வட்டங்களும் அந்த ஒரு கோட்டில் கோத்திருக்க வேண்டும், எதுவும் விலகக்கூடாது. மரவண்டியின் டயர் கிட்டத்தட்ட விட்டத்தில் பாதி அகலம் இருக்கட்டும். அப்போது உருளையின் மேற்பரப்பே பெரிய பரப்பாகிவிடும், அதில் தடித்த வரிப்பள்ளங்களை ஓடவிடலாம். அந்தப் பள்ளங்களும் உருளையைச் சுற்றி வளைந்தே போக வேண்டும்.

மறுபக்கத்துச் சக்கரங்களை மறக்காதீர்கள். வண்டியின் வயிற்றுக்குக் கீழே அவற்றின் ஒரு கீற்றுதான் தெரியும். அந்தக் கீற்று இல்லாவிட்டால் வண்டி அட்டையில் வெட்டியது போல நிற்கும். வண்டி கண்ணாடியால் ஆனது என்று வைத்துக்கொண்டு மறைந்திருப்பதையும் லேசாக வரைந்து, பிறகு தெரிய வேண்டியதை மட்டும் அழுத்துங்கள். முன்சக்கரத்தைத் திருப்பி வைக்க ஆசைப்பட்டால், திருப்பிய சக்கரத்துக்கு இருசுத் திசையும் மாறும், அதற்கு வேறு மறையும் புள்ளி. மரவண்டி நடுவில் மடங்குகிற வண்டி என்பதால் முன்பாதி முழுவதுக்கும் தனிப் பெட்டியே போட வேண்டும். முதல் முறை நேராகவே நிறுத்துங்கள்.

கடைசியாக, டயர் தரையைத் தொடும் இடம். சரியான நீள்வட்டமாக விட்டால் வண்டி மிதக்கும். அடியைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள், பக்கவாட்டில் லேசாகப் பிதுங்கட்டும், சேறு விளிம்பில் ஏறி நிற்கட்டும். சக்கரத்துக்கும் மேலே உள்ள உடம்புக்கும் நடுவே, வண்டி குலுங்கும்போது சக்கரம் எழும்ப இடம் விடுங்கள். பந்தயக் காருக்கு விரல் நுழையும் இடம் போதும், காட்டு வண்டிக்கு ஒரு தலை நுழையும் இடம் வேண்டும்.

ஆள் ஏறும் வழி

பார்க்கிறவர் வண்டியின் அளவைச் சக்கரத்தில் தெரிந்துகொள்வதில்லை, மனிதக் கை படும் பொருள்களில் தெரிந்துகொள்கிறார். ஏணிப்படிகளின் இடைவெளி சுமார் 30 செ.மீ., கைப்பிடிக் கம்பி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே சுமார் ஒரு மீட்டர், கதவு ஆள் உயரம். இவற்றை மாற்றினால் வண்டியே சுருங்கும் அல்லது பெருக்கும். அதே உடம்பில் ஒரு பெரிய கண்ணாடிக்குப் பதில் சின்னச் சின்ன ஜன்னல்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், கார் கப்பலாகிவிடும்.

ஓட்டுநர் தரையிலிருந்து இருக்கைக்குப் போவதை மனதுக்குள் ஒரு முறை நடித்துப் பாருங்கள். சேற்றில் நிற்கிறார். கால் எங்கே வைப்பார்? டயர் மேலேயா, படி இருக்கிறதா? கை எதைப் பிடிக்கும்? கதவு திறக்கும்போது புகைக்குழாயில் இடிக்குமா? டீசல் ஊற்றும் வாய் எங்கே? அங்கே ஒரு ஆள் கேனோடு நிற்க இடம் உண்டா? விவரங்கள் இந்த இடங்களில்தான் சேர வேண்டும். மூட்டு, கீல், கைப்பிடி, மூடி, கம்பிவடம் சுற்றும் உருளை. மற்ற இடங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். உடம்பு முழுக்க ஒரே அடர்த்தியில் கோடுகளை நிரப்பினால் கண்ணுக்கு உட்கார இடமே இருக்காது.

கோட்டுக்கும் நிழலுக்கும் சுருக்கமாக: வெளிக்கோடு தடிமன், உள்கோடு மெலிவு, தரையைத் தொடும் இடம் எல்லாவற்றையும் விட அழுத்தம். நிழலுக்கு மூன்றே சாயல் போதும். மேலே பார்க்கும் பரப்பு வெளிச்சம், பக்கவாட்டு நடுத்தரம், வயிறு இருட்டு. பளபளக்கும் உலோகமென்றால் மேற்பரப்பு வானத்தையும் கீழ்ப்பக்கம் தரையையும் பிரதிபலிக்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கருங்கோடு ஓடும். ஃபோர்டு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் 1959-இல் வேலைக்குச் சேர்ந்து, பிறகு எதிர்கால வாகனங்களுக்காகவே உலகம் முழுக்கப் பெயர் பெற்ற சிட் மீட், குவாஷ் என்ற ஒளிபுகாத நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களைத் தேடிப் பாருங்கள். அவரிடம் நான் கவனிப்பது வண்டியை அல்ல, வண்டியின் மேல் விழுந்திருக்கும் சுற்றுப்புறத்தை.

மேசையில் உட்காரும் நேரம்

இதுவரை சொன்ன கட்டங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். வேலையை எழுதுவது, ஸ்கெட்ச், பெட்டி, இதெல்லாம் முடிவெடுக்கும் வேலை. சுத்தமான கோடு, நிழல், வண்ணம், இதெல்லாம் கைவேலை. இரண்டும் வேறு வேறு நேரத்தைக் கேட்கின்றன. தலை தெளிவாக இருக்கும் நேரத்தை முடிவெடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது விடிகாலை, சிலருக்கு நடுராத்திரி, அதில் தர்க்கம் இல்லை. ஆனால் அந்த நல்ல நேரத்தை மெயில் பார்ப்பதிலும் பழைய படத்துக்குக் கோடு சுத்தம் செய்வதிலும் செலவழித்தால், களைத்த தலையோடு பெட்டி போட உட்கார வேண்டிவரும்.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தன் படிப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஸ்கெட்ச் கட்டத்துக்கு அது அருமை, மணி அடிக்கும்போது ஒரு பக்கம் நிறைந்திருக்கும். நிழல் தீட்டும்போது எனக்கு அது தொல்லை. சாயல்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். அங்கே ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து உட்காருவதே மேல். ஆனால் கண்ணை அவ்வப்போது தூரத்தில் உள்ள எதையாவது பார்க்க அனுப்புங்கள், மணிக்கட்டை ஊன்றாமல் தோளிலிருந்து கோடு இழுத்துப் பழகுங்கள். ஒரு வருடம் வரைந்துவிட்டு நிறுத்துகிறவர்களுக்கு இது முக்கியமில்லை, இருபது வருடம் வரைய நினைப்பவர்களுக்கு முக்கியம்.

ஒரே நாளில் இரண்டு வேலை கையில் இருப்பது தொழில்முறை ஓவியருக்குச் சகஜம். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். வண்டி வரைகிறவருக்கு இதன் பொருள் எளிது: கட்டத்தின் நடுவில் எழுந்திருக்காதீர்கள். பெட்டி முடிந்ததும் மாறலாம், சக்கரம் முடிந்ததும் மாறலாம், சக்கரத்தின் பாதியில் மாறக்கூடாது. எழுந்திருக்கும் முன் காகிதத்தின் ஓரத்தில் அடுத்த முடிவைக் கேள்வியாக எழுதி வையுங்கள். "கம்பிவட உருளை கேபினுக்குப் பின்னாலா, கீழேயா?" மறுநாள் உட்கார்ந்ததும் அதற்குப் பதில் சொல்லியே ஆரம்பித்துவிடலாம். "மரவண்டி தொடர்ச்சி" என்று மட்டும் எழுதி வைத்தால் மறுபடி முதலில் இருந்து சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தச் சுற்றலில்தான் அரை மணி நேரம் போகும்.

ரெஃபரன்ஸ், அதாவது பார்த்து வரைய உதவும் படங்கள், தேடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வேலை மாதிரியே இருக்கும், ஆனால் பாதி நேரம் வேலை இல்லை. கேள்வியோடு தேடுங்கள்: "மடங்கும் வண்டியின் நடுமூட்டில் ஹைட்ராலிக் குழாய்கள் எப்படிப் போகின்றன?" பதில் கிடைத்ததும் மூடிவிடுங்கள். கேள்வி இல்லாமல் "கொஞ்சம் உத்வேகத்துக்காக" என்று திறந்தால் வெளியே வர மாட்டீர்கள், வரும்போது மற்றவர்கள் முடித்த படங்களைப் பார்த்த சோர்வோடு வருவீர்கள். தேடுவதிலும் மற்ற ஓவியர்களின் கற்பனை வண்டிகளை விட டிராக்டர், அறுவடை இயந்திரம், மண் தோண்டும் இயந்திரம், இவற்றின் அடிப்பாகப் படங்களும் பழுதுபார்க்கும் கையேடுகளும் அதிகம் உதவும். ஓவியரின் வண்டியில் இருந்து எடுத்தால் அவர் எடுத்த முடிவு மட்டும் வரும், அதற்கான காரணம் வராது.

போன் வேறு அறையில் இருக்கட்டும், இதை நான் விளக்கத் தேவையில்லை. பேச்சுள்ள நிகழ்ச்சிகளைக் கோடு சுத்தம் செய்யும்போது கேட்கலாம், ஸ்கெட்ச் போடும்போது வேண்டாம். வேலையே ஓடாத நாள் ஒன்று வந்தால், ஒரு பக்கம் முழுக்கச் சக்கரம் மட்டும் வரையுங்கள். வெவ்வேறு சாய்வில், ஒவ்வொன்றுக்கும் இருசுக் கோட்டோடு. முடிவெடுக்க ஒன்றும் இல்லாத வேலை அது, கை பழகும்.

வேலை கொடுப்பவரும் நீங்களும்

விளையாட்டுக்கோ படத்துக்கோ வண்டி வரைந்து கொடுக்கும்போது, உங்கள் முடிவுகளில் பாதியை இன்னொருவர் எடுக்கிறார். எனவே அவரையும் கட்டம் கட்டமாகவே அழைத்துப்போங்கள். முதலில் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சம்மதம். பிறகு கறுப்பு உருவங்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு பெட்டி மட்டத்தில் ஒரு வரைவு. அதற்குப் பிறகுதான் சுத்தமான படம். எத்தனை ஸ்கெட்ச், எத்தனை திருத்தச் சுற்று, உருவம் தேர்வான பிறகு அடிப்படையை மாற்றினால் தனிக் கட்டணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேச்சில் சொன்னது டெட்லைன் நெருங்கும்போது யாருக்கும் நினைவில் இருக்காது. செய்திகளுக்குப் பதில் சொல்ல நாளில் இரண்டு நேரம் குறித்து அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அனுப்பும் முன் மூன்று சோதனை. படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், சாய்ந்த சக்கரம் உடனே கண்ணில் படும். தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், வண்டியின் வேலை இன்னும் தெரிகிறதா? அப்புறம் யாராவது ஒருவரிடம் காட்டி "இது என்ன செய்யும் வண்டி?" என்று மட்டும் கேளுங்கள். "அழகாக இருக்கிறது" என்று பதில் வந்தால் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். உங்கள் படத்தை வைத்து முப்பரிமாண மாடல் செய்யப்போகிறவர் இருந்தால், பின்பக்கமும் மேற்பக்கமும் எளிய கோட்டில் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர் ஊகித்துச் செய்வார், அந்த ஊகம் திருத்தமாக உங்களிடமே திரும்பி வரும்.

திருத்தங்கள் வரும்போது "இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும்", "இன்னும் வேகமாகத் தெரியட்டும்" என்றுதான் வரும். அதை வைத்துக்கொண்டு உடனே வரைய உட்காராதீர்கள். அதை முடிவாக மாற்றித் திருப்பிக் கேளுங்கள்: "டயரைப் பெரிதாக்கவா, கேபினைச் சின்னதாக்கவா, இல்லை உடம்பை முன்பக்கம் சாய்க்கவா?" மூன்றையும் அதே படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் போட்டு அனுப்பினால் பத்து நிமிட வேலை. அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். அதை மட்டும் மாற்றுங்கள்.